பெரிய ஸ்கேன் எடுத்தால்தான் நல்ல வைத்தியமா?



நீளமான பதிவு இது. "டீச்சர் மறுபடியும் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க" என்று தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். முக்கியமாக எஸ்டேட்டில் லேத், கிரைண்டிங், வெல்டிங் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் கடைசி வரி வரை படிக்க வேண்டும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, 34 வருஷம் அம்பத்தூர் பக்கத்துப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தவள். ஆறாம் வகுப்பில் காந்தப் பாடம் நடத்தும்போது இரும்புத் தூளைக் காகிதத்தில் கொட்டி, கீழே காந்தத்தை வைத்துக் காட்டியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பாடத்தை நானே மறந்துபோன கதைதான் இது.

போன மாதம் நடந்தது. என் அக்கா மகன் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வேலை பார்க்கிறான். மூன்று வாரமாக இடது கண் சிவப்பு, பார்வையில் புகை மூட்டம், கூடவே தலைவலி. மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டான். தெருமுனை டாக்டர் தலைவலி மாத்திரை கொடுத்தார். சரியாகவில்லை. உடனே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாநாடு கூடிவிட்டது. "மூளையில ஏதாவது கட்டியா இருக்கும்", "சிடி எல்லாம் பழைய மெஷின், கதிர்வீச்சு வேற", "காசு போனா போகுது, எம்ஆர்ஐ எடுங்க, எல்லாம் தெரிஞ்சிடும்." இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியது நான்தான். போய்க் கேட்டோம். டாக்டரும் சீட்டில் மூளை, கண்குழி எம்ஆர்ஐ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார். என்ன வேலை பார்க்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

ஸ்கேன் சென்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். "சித்தி, நீங்களே பூர்த்தி பண்ணிடுங்க" என்றான். எனக்குப் பெருமைதான். பேனாவை எடுத்து மளமளவென்று டிக் போட்டேன். பேஸ்மேக்கர் இருக்கிறதா? இல்லை. தலையில் ஆபரேஷன் செய்து கிளிப் வைத்திருக்கிறதா? இல்லை. கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் பட்டதுண்டா? இல்லை. அந்தக் கேள்வி எனக்குப் புரியாமல் இல்லை. படித்தேன், புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். வரிசையாக "இல்லை" என்று போட்டு வந்த கை, அங்கேயும் "இல்லை" என்று போட்டுவிட்டது.

உள்ளே அழைத்துப் போவதற்கு முன் டெக்னீசியன் பெண் படிவத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. படிவத்தோடு விட்டுவிடாமல் அவனிடமே தமிழில் கேட்டாள்:

"அண்ணா, நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பட்டறையில. கிரைண்டிங், டை வேலை."

"கண்ணுல எப்பவாவது பிசிறு ஏதாவது அடிச்சிருக்கா?"

"அது அடிக்கடி அடிக்கும்மா. கைக்குட்டை நுனியால எடுத்துடுவோம். போன மாசம் டையில மாட்டுன பின்னைச் சுத்தியலால தட்டுறப்போ சுருக்குன்னு ஒண்ணு பட்டுச்சு. தேடுனேன், கிடைக்கல. விட்டுட்டேன்."

அந்தப் பெண் படிவத்தைக் கீழே வைத்துவிட்டாள். உள்ளே போய் ரேடியாலஜி டாக்டரை அழைத்து வந்தாள். அவர் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போனில் பேசி, முதலில் சிடி எடுப்போம் என்றார். எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரையில் எனக்கும் காட்டினார். சாம்பல் நிறத்தில் வட்டமாகக் கண், அதற்குள் வெள்ளை வெளேரென்று ஒரு புள்ளி. இரண்டு மில்லிமீட்டர். கண்ணின் மேலே இல்லை, கண்ணுக்கு உள்ளே.

அந்தப் புள்ளியோடு அவனை எம்ஆர்ஐ மெஷினுக்குள் அனுப்பியிருந்தால்? 1986-லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. கண்ணுக்குள் இரும்புத் துகள் இருப்பது தெரியாமல் ஒருவருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். காந்தம் இழுத்ததில் துகள் நகர்ந்து, உள்ளே ரத்தம் கசிந்து, அந்தக் கண்ணின் பார்வை போனது. இதுபோன்ற ஆபத்துக்காகத்தான் இந்தக் கேள்வி படிவங்களில் இருக்கிறது. அந்தக் கேள்விக்குத்தான் நான் "இல்லை" என்று டிக் போட்டேன்.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன். முதல் கோபம் என்மேல். அடுத்தது நம் எல்லோர்மேலும். விலை அதிகமான ஸ்கேன்தான் நல்ல ஸ்கேன் என்ற மூடநம்பிக்கை நம் வீடுகளில் ஊறிக் கிடக்கிறது. டூ வீலரைவிட கார் பெரிது, சிடியைவிட எம்ஆர்ஐ பெரிது என்று கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்கு தப்பு. சிவப்பு மையால் அடிக்க வேண்டிய தப்பு.

இரண்டு மெஷினும் என்ன செய்கின்றன என்று பார்ப்போம்.

சிடி என்பது எக்ஸ்ரேதான். தலையைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே எடுத்து, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கியதுபோலப் படம் தரும். இங்கிலாந்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற இன்ஜினியர் உருவாக்கியது. 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்ததே மூளைப் படம்தான். 1979-ல் ஆலன் கார்மக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எது எவ்வளவு அடர்த்தி என்பதைத்தான் சிடி அளக்கிறது. அந்த அளவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. மூளைத் திசு 30, 40 என்று நிற்கும். புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 50-லிருந்து 80 வரை. எலும்பு அதைவிடப் பல மடங்கு, உலோகம் அதற்கும் மேலே. அதனால் எலும்பு முறிவு, புது ரத்தம், இரும்புத் துகள், சுண்ணாம்புப் படிவு எல்லாம் சிடியில் வெள்ளையாக எழுந்து நிற்கும்.

எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கிடையாது. நம் உடம்பில் தண்ணீரும் கொழுப்பும் இருக்கிறதே, அவற்றில் உள்ள ஹைட்ரஜனைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து, ரேடியோ அலையால் தட்டி, அது திருப்பிக் கொடுக்கும் சைகையைக் கேட்டுப் படம் வரைகிறது. 2003-ல் பால் லாட்டர்பர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் இருவருக்கும் இதற்காக நோபல் கொடுத்தார்கள். மிருதுவான திசுக்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை இதுபோல வேறெதுவும் காட்டாது. கண் நரம்பு, பிட்யூட்டரி சுரப்பி, சிறுமூளை, மூளைத்தண்டு எல்லாம் இதன் ராஜ்ஜியம். கெட்டி எலும்பு தருவதோ மிகக் குறைந்த சைகை. அது கருப்பாகக் கிடக்கும். மெல்லிய எலும்பு விரிசல் அந்தக் கருப்பில் தொலைந்துபோகும்.

காந்தத்தின் பலத்தையும் கேளுங்கள். சாதாரண எம்ஆர்ஐ 1.5 டெஸ்லா. பூமியின் காந்தப் புலத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். பெரும்பாலான மெஷின்களில் இந்தக் காந்தத்தைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்து எந்நேரமும் ஓட விட்டிருப்பார்கள். படம் எடுக்காத நேரத்திலும், ராத்திரியிலும் அது காந்தம்தான். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் உறவினரைப் பார்க்கப் போன ஓர் இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் நுழைந்தார். காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்தது. உயிர் போய்விட்டது. சிலிண்டரையே இழுக்கிற காந்தத்துக்குக் கண்ணுக்குள் இருக்கும் இரண்டு மில்லிமீட்டர் இரும்பு எம்மாத்திரம்?

இரண்டாவது சம்பவம். இரண்டு வருஷத்துக்கு முன் என் கொழுந்தனார் சி.டி.எச். ரோட்டில், ஓ.டி. தாண்டி, வண்டியிலிருந்து விழுந்தார். ஹெல்மெட் இல்லை. நினைவு வந்து வந்து போனது. ஆஸ்பத்திரியில் சிடி எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். நம் உறவுக்காரர்கள் ஸ்ட்ரெச்சரை மறித்துக்கொண்டு நின்றார்கள். "எம்ஆர்ஐ எடுக்க மாட்டீங்களா? நாங்க காசு கட்ட மாட்டோம்னு நினைச்சீங்களா?" கால் மணி நேரம் இந்தச் சண்டை. மண்டைக்குள் ரத்தம் கசிகிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்பதுதான் அந்த நேரத்துக் கேள்வி. அதற்குச் சிடி நொடிகளில் பதில் சொல்லும். எம்ஆர்ஐக்கு அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் படுக்க வேண்டும். வாந்தி எடுத்துக்கொண்டு, நினைவில்லாமல் கையை உதறுகிறவரை எப்படிப் படுக்க வைப்பீர்கள்? சிடியில் ரத்தக்கட்டு தெரிந்தது. ஆபரேஷன் செய்தார்கள். பிழைத்துவிட்டார். அந்தக் கால் மணி நேரத்துக்கு நாங்கள் என்ன விலை கொடுத்திருப்போம் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அன்றும் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

"அப்படியானால் டீச்சர் சிடி கட்சி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்றாவது சம்பவத்தையும் கேளுங்கள்.

என்னோடு வேலை பார்த்த தமிழம்மா ஒருவருக்குத் திடீரென்று தலைசுற்றல், வாந்தி, பார்க்கிற பொருள் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. சிடி எடுத்தார்கள். "நார்மல்." கேஸ் டிரபிள் என்று மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட் நார்மல் என்று நாங்களும் நிம்மதியாகத் தூங்கினோம். மறுநாள் நடக்க முடியவில்லை. எம்ஆர்ஐயில்தான் தெரிந்தது, சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. பின்மண்டையில் கெட்டி எலும்புகள் சூழ்ந்திருப்பதால் சிடி படத்தில் அந்தப் பகுதி கலங்கலாகத் தெரியும். மேலும், ரத்தக்குழாய் அடைத்த முதல் சில மணி நேரத்தில் சிடி நார்மலாகவே வரக்கூடும். பக்கவாதத்தில் முதலில் சிடி எடுப்பதற்குக் காரணம், ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். உறுதியானால் நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். ஆகவே "சிடி நார்மல்" என்றால் "ரத்தக்கசிவு தெரியவில்லை" என்று படிக்க வேண்டும். "நோயே இல்லை" என்று படித்தோம் பாருங்கள், அது எங்கள் தப்பு.

கண்ணுக்கு வருவோம். பார்வை மங்குகிறது, கண்ணை அசைத்தால் வலிக்கிறது, நிறங்கள் வெளிறித் தெரிகின்றன என்றால் கண் நரம்பில் அழற்சி இருக்கலாம். அதற்கு எம்ஆர்ஐதான். கிரிக்கெட் பந்து பட்டுக் கண்குழியின் எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்கச் சிடி. ஃபோட்டோவில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிகிறதா? விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கண் டாக்டரிடம் ஓடுங்கள். அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பிறவியிலேயே மரபணுக் குறை இருக்கும், கதிர்வீச்சு பின்னாளில் வேறு புற்றுநோய்க்கு வழிசெய்யலாம் என்பதால் அவர்களுக்கு எம்ஆர்ஐயைத்தான் விரும்புகிறார்கள். கண்ணில் குத்தியது மரச் சிராயா? காய்ந்த மரம் சிடியில் காற்றுக் குமிழிபோல் தெரிந்து ஏமாற்றும். எம்ஆர்ஐ கைகொடுக்கும். ஆனால் உலோகம் எதுவும் கூட இல்லை என்று உறுதி செய்த பிறகுதான். ஒரே கண், ஒரே குழி. குத்தியது இரும்பா மரமா என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிறது.

2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்ததே, மறந்துவிடவில்லையே? நாடு முழுக்க நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்தது. தமிழக அரசு அந்த மே மாதம் அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. மூக்குப் பக்கத்துக் காற்றறையில் தொடங்கி, கண்குழிக்குள் நுழைந்து, மூளைவரை ஏறுகிற நோய். எலும்பை எங்கே அரித்திருக்கிறது என்று சிடி காட்டியது. கண்ணுக்குப் பின்னாலும் மூளைக்கும் எவ்வளவு பரவியிருக்கிறது என்று எம்ஆர்ஐ காட்டியது. பலருக்கு இரண்டும் வேண்டியிருந்தது. அங்கே யார் பெரியவர் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

கதிர்வீச்சுப் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அதே 2021 மே மாதத்தில் அப்போதைய டில்லி எய்ம்ஸ் இயக்குநர் ரன்தீப் குலேரியா, ஒரு சிடி 300, 400 மார்பு எக்ஸ்ரேக்குச் சமம் என்றார். லேசான கொரோனாவுக்கெல்லாம் மார்பு சிடி எடுக்காதீர்கள் என்பதற்காகச் சொன்னது. ரேடியாலஜி டாக்டர்கள் சங்கம் அந்தக் கணக்கு பழையது என்று மறுத்தது. மறுப்பு நம் குழுக்களுக்கு வந்து சேரவில்லை, பயம் மட்டும் வந்தது. தலைக்கு ஒரு சிடி எடுத்தால் சுமார் 2 மில்லிசீவர்ட். மண், காற்று, வானம் வழியாக ஒரு மனிதர்மேல் இயற்கையாகவே ஒரு வருஷத்தில் விழுவது உலக சராசரியில் 2.4. தேவை இருக்கும்போது இதற்குப் பயந்து ஓடுவது முட்டாள்தனம். தேவை இல்லாதபோது, அதுவும் சின்னக் குழந்தைக்கு, "எதுக்கும் ஒரு சிடி எடுத்துடுங்க" என்பதும் முட்டாள்தனம். 2009-ல் அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000-க்கும் அதிகமான குழந்தைகளை ஆராய்ந்து, எந்தக் குழந்தைக்கு ஸ்கேனே வேண்டாம் என்று விதிமுறை வகுத்தார்கள். "கொஞ்ச நேரம் கூடவே வைத்துப் பார்க்கலாம்" என்று டாக்டர் சொன்னால், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள். அதுவும் வைத்தியம்தான்.

"இதையெல்லாம் டாக்டர் பார்த்துக்குவார், நமக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்பீர்கள். எந்த ஸ்கேன் என்று முடிவு செய்வது டாக்டர் வேலைதான். அதில் மூக்கை நுழைக்கக் கூடாது என்றுதானே இவ்வளவு நேரம் கத்துகிறேன்! ஆனால் அவர் முடிவு செய்யத் தேவையான தகவல் நம்மிடம்தான் இருக்கிறது. பட்டறையில் பிசிறு அடித்தது எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள், அந்த உரிமையில் சொல்கிறேன். சீட்டில் ஸ்கேன் பெயரை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை நாளாக, எந்தக் கண், என்ன வேலை, எதைத் தேடுகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். கேள்வியே இல்லாத தாளைத் திருத்தச் சொன்னால் நான் எப்படித் திருத்துவேன்?

ஸ்கேன் சென்டர்காரர்களுக்கும் சொல்கிறேன். கண்ணில் உலோகம் பட்டதா என்ற கேள்வியைத் தமிழில் அச்சடியுங்கள். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றித் தொழில் நடத்துகிறீர்கள். வாசலில் வந்து நிற்கிறவர்களில் எத்தனை பேர் இரும்போடு பிழைப்பவர்கள்! "கண்ணில் இரும்புப் பிசிறு அடித்திருக்கிறதா? பட்டறையில் வேலை பார்த்திருக்கிறீர்களா?" இந்த இரண்டு வரியை அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? "ஃபுல் பாடி பேக்கேஜ்" என்று கலர் கலராக பேனர் கட்டக் காசு இருக்கிறதே!

கடைசியாக என் பிள்ளைகளுக்கு. பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, எங்கே வேலை பார்த்தாலும் சரி.

சுத்தியல் தட்டும்போதும் கிரைண்டிங் செய்யும்போதும் கண்ணாடி போடுங்கள். வியர்க்கிறது, மங்கலாகிறது என்ற சாக்கு வேண்டாம்.

கண்ணில் பட்டது கிடைக்கவில்லை என்றால் வெளியே போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடித்து விழித்திரையை மெல்ல மெல்லக் கெடுக்கும். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். காசு இல்லை என்று தள்ளிப் போடாதீர்கள், 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. ரோட்டில் அடிபட்டால், 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

எந்த டாக்டரிடம் போனாலும், கேட்காவிட்டாலும், உங்கள் வேலையைச் சொல்லுங்கள். பத்து வருஷத்துக்கு முன் விட்டுவிட்ட வேலையாக இருந்தாலும் சொல்லுங்கள். பிறகு ஒன்று கேளுங்கள்: "டாக்டர், இந்த ஸ்கேன்ல என்ன தேடுறீங்க?" நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அக்கா மகனுக்கு ஆபரேஷன் ஆகி, துகளை எடுத்துவிட்டார்கள். அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய பள்ளிக்கூடக் காந்தத்தைத் தேடி எடுத்து அருகே கொண்டுபோனேன். துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. அவன் இடது கண்ணால் போர்டில் நாலு வரி படிக்கிறான். முன்பு கடைசி வரிவரை படித்தவன். மூன்று வாரம் சொட்டு மருந்தில் போனதன் கணக்கு அது. பாக்கிக் கண் மிஞ்சியது, படிவத்தை நம்பாமல் அவனையே கேட்ட அந்தப் பெண்ணால்.

அந்தப் பெண் எந்த ஊர், யாரிடம் படித்தாள் என்று கேட்டு வைக்கவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் என்னைவிட நல்ல ஆசிரியர்.

தப்பு ஏதாவது இருந்தால் மருத்துவம் படித்த என் மாணவர்கள் கமெண்டில் திருத்துங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகாமல், பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவருக்காவது இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்